மருந்தை விட்டுவிட்டார் என்று குறை சொல்வதற்கு முன்

அமெரிக்காவில் வாழும் லத்தீனோ மக்களில் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரில்) மனநல மருந்தைச் சரியாக எடுக்காதவர்கள் சராசரியாக 41 சதவீதம், ஐரோப்பிய வம்சாவளியினரில் 31 சதவீதம் என்கிறது 2009-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு. இதைப் பார்த்ததும் "அவங்க கலாச்சாரமே அப்படித்தான்" என்று முடிவுகட்டிவிடுவதுதான் முதல் தவறு. ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்திருப்பது, காப்பீடு இல்லாதது, நல்ல சிகிச்சை எட்டாதது ஆகியவற்றையும் அதே தொகுப்பு காரணங்களாகச் சொல்கிறது. மாத்திரை வாங்கக் காசில்லாதவரைப் பிடிவாதக்காரர் என்பது அநியாயம்.

அடுத்த தவறு, ஆங்கிலம் தெரியாத அம்மாவிடம் பத்து வயது மகளை மொழிபெயர்க்க வைத்து டாக்டர் பேசுவது. 'சாகணும்னு தோணுதா' என்று அந்தக் குழந்தை எப்படிக் கேட்கும்? மாத்திரையால் தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்துவிட்டது என்று அம்மாதான் மகள் வாயால் எப்படிச் சொல்வார்? சொல்ல மாட்டார், பேசாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார். அமெரிக்காவில் அரசு நிதி வாங்கும் மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும், தயங்காமல் கேளுங்கள்.

மனச்சோர்வு மருந்து எப்போது வேலை செய்யும் என்று சொல்லாமல் சீட்டெழுதி அனுப்புவதும் பெரிய தவறு. குமட்டலும் தூக்கக் கோளாறும் முதல் வாரமே வந்துவிடும், பலன் தெரியவோ சில வாரங்கள் ஆகும், இது தெரியாதவர் 'இது நமக்கு ஒத்துக்கலை' என்று விட்டுவிடுவது இயல்புதானே. அடிமையாகிவிடுவோமோ என்ற பயம் வேறு. அதைச் சிரித்து ஒதுக்காதீர்கள், ஏனென்றால் பதற்றத்துக்குத் தரும் சில மாத்திரைகளுக்கு, உதாரணமாக அல்பிரசோலம், உடம்பு உண்மையிலேயே பழகிவிடும். மனச்சோர்வு மருந்தில் அப்படி ஏங்க வைக்கும் தன்மை இல்லை, ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும், மின்சாரம் பாய்ந்தது போல இருக்கும், அதனால் டாக்டரைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

மூலிகை குடிப்பதைத் திட்டாதீர்கள், திட்டினால் மறைப்பார்கள். சீமைச் சாமந்தித் (கெமோமில்) தேநீர் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை அப்படியல்ல, மனச்சோர்வு மருந்தோடு சேர்ந்தால் மூளையில் சுரக்கும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்புறம், குடும்பத்தை வெளியே உட்கார வைப்பது. 'மாத்திரை எதுக்கு, மனசைத் திடமா வெச்சுக்கோ' என்று சொல்லும் அண்ணன் வீட்டில் இருந்தால், டாக்டர் பேச்சு எத்தனை நாள் நிற்கும்? லாஸ் ஏஞ்சலஸில் மனச்சிதைவு உள்ள மெக்சிகோ வம்சாவளியினரையும் அவர்கள் குடும்பங்களையும் குழுவாக உட்கார வைத்து, மருந்து எடுப்பதைப் பற்றியே பேசிப் பார்த்தார்கள். மருந்தை ஒழுங்காக எடுப்பது கூடியது, மருத்துவமனையில் சேர்வதும் குறைந்தது என்று 2012-இல் முடிவு வந்தது. நோயாளி சம்மதித்தால் அந்த அண்ணனையும் உள்ளே கூப்பிடுங்கள்.