வாடகையை மட்டும் பார்த்து வீடு பிடிக்காதீர்கள்

ஷிஃப்ட் பட்டியல் போடுவது என் வேலை. யார் அடிக்கடி தாமதமாக வருகிறார், யார் ஷிஃப்ட் முடிந்தும் போக வழியில்லாமல் கேட் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்பதெல்லாம் கண்ணில் படும். புதிதாகச் சேருகிறவர்கள் "எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம் அக்கா?" என்று கேட்டால், ஏரியா பெயர் சொல்ல மாட்டேன். முதலில் ஒரு கணக்குப் போடச் சொல்வேன்.

வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள். அது பாதிக் கணக்கு. வேலையிடத்திலிருந்து தள்ளிப் போனால் வாடகை குறையும், ஆனால் குறைந்த பணம் பயணத்தில் போய்விடும். சிகாகோவில் இருக்கும் 'சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி' என்ற அமைப்பு, வீட்டுச் செலவும் போக்குவரத்தும் சேர்ந்து 45 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்று அளவு வைத்திருக்கிறது. சின்னச் சம்பளத்தில் அதுகூட அதிகம்தான். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது சரியான வழி.

ஒரு தாளில் கைக்கு வரும் சம்பளத்தை எழுதுங்கள். ஓவர்டைமைச் சேர்க்க வேண்டாம். அது எல்லா மாதமும் வராது. அதன் கீழே வாடகை, கரண்ட், தண்ணீர், பராமரிப்பு. அடுத்து பயணம். பஸ் என்றால் பாஸ். சொந்த வண்டி என்றால் பெட்ரோலோடு நிறுத்தாமல் தவணை, டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் எழுதுங்கள். வேலைக்குப் பக்கத்தில் இருக்கும் வீடு, தூரத்து வீடு இரண்டுக்கும் இப்படிப் போட்டால், பக்கத்து வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு கூடுதல் என்று தெரியும்.

அந்தக் கூடுதலை மாதம் பயணத்தில் மிச்சமாகும் நேரத்தால் வகுங்கள். ஒரு வழிக்கு 45 நிமிடம் மிச்சம், மாதம் 26 நாள் வேலை என்றால் 39 மணி நேரம். எட்டு மணி நேர ஷிஃப்டில் கிட்டத்தட்ட ஐந்து! வகுத்து வரும் தொகை உங்கள் ஒரு மணி நேரக் கூலியைவிடக் குறைவாக இருந்தால் நான் பக்கத்து வீட்டைத்தான் எடுப்பேன்.

நேரத்தை மொபைல் மேப்பில் ஞாயிறு மத்தியானம் பார்க்காதீர்கள். ஷிஃப்டுக்குக் கிளம்ப வேண்டிய அதே நேரத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். திரும்பும் வழிதான் இன்னும் முக்கியம். ஷிஃப்ட் 10 மணிக்கு முடியும் என்றால், பஞ்ச் பண்ணி, உடை மாற்றி, பை சோதனை முடித்து வெளியே வர 10.20 ஆகிவிடும். கடைசி பஸ் 10.15க்கு என்றால் அந்த வீடு உங்களுக்கு இல்லை. கடைசி பஸ்ஸை நம்பி வீடு எடுக்கவே கூடாது. கடைசிக்கு முந்தையது கிடைக்க வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளி என்றால் கம்பெனி வாசலை ஒட்டி வீடு தேடாதீர்கள். வேலை மாறினால் பக்கத்தில் இருப்பதற்கு அர்த்தமே போய்விடும். பல வேலையிடங்களுக்கு ஒரே பஸ்ஸில் போக முடிகிற வழித்தடத்தில் பாருங்கள். வீட்டில் இரண்டு பேர் சம்பாதித்தால் இரண்டு பேர் பயணத்தையும் கூட்டுங்கள். ஆணின் வேலைக்குப் பக்கமாக வீடு எடுத்துவிட்டு, மனைவி இரண்டு பஸ் மாறிப் போவதை நிறையப் பார்க்கிறேன்.

கம்பெனியே வீடு தருகிறது என்றால் உடனே தலையாட்ட வேண்டாம். முதலாளிகள் தொழிலாளருக்கு நேரடியாக வீடு கொடுப்பது பொதுவாக விரும்பத்தக்கதல்ல, தவிர்க்க முடியாத சூழல்கள் மட்டுமே விலக்கு என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1961லேயே 115ஆம் பரிந்துரையில் சொல்லிவிட்டது. வேலை போகிற அன்றே வீடும் போகலாம் என்பதை யோசித்துப் பாருங்கள். சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள், வேலை முடிந்தால் காலி செய்ய எத்தனை நாள், குடும்பம் வந்து தங்கலாமா, மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

அறையைப் பகிர்ந்துகொள்கிறவர்கள் ஒரே ஷிஃப்ட்காரர்களாகச் சேருங்கள். இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் பக்கத்தில் இன்னொருவர் சமைத்துக்கொண்டிருந்தால் இருவருக்கும் சண்டைதான். பட்டியல் போடுகிறவரிடம் "நாங்கள் ஒரே அறை" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்னால் முடிந்தவரை சேர்த்துப் போடுவேன்; பட்டியல் ஒட்டிய பிறகு வந்து கேட்டால் அடுத்த மாதம்தான்.