ஜெர்மனியில் ஒருநாள் பயணம்: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாரம் முழுக்க வகுப்பும் பகுதிநேர வேலையுமாகப் போகிறது. சனி, ஞாயிறில் ஒரு நாளாவது எங்காவது போய் வர வேண்டும் என்று மனம் கேட்பது நியாயம்தான். ஆனால் புதிதாக வரும் மாணவர்கள் போகும் வழியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். திரும்பும் வழியை மாலையில்தான் தேடுகிறார்கள். பெரும்பாலான சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

சிறிய ஊர்களில் வார இறுதியில் பேருந்து குறைவு. அதனால் திரும்பும் பேருந்தையும் ரயிலையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள், அதற்கு முந்தைய ஒன்றையும் சேர்த்து. தண்டவாள வேலைகள் பல நேரம் வார இறுதியில்தான் நடக்கும். அப்போது ரயிலுக்குப் பதில் 'எஸ்இவி' என்ற மாற்றுப் பேருந்து ஓடும். அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். முந்தின வாரம் பார்த்த நேரத்தை நம்பாமல், கிளம்பும் அன்று காலையில் ஆப்பில் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கிய, நாடு முழுவதும் செல்லும் மாதாந்திரப் பயணச்சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட்டின் விலை பிறகு ஏறிவிட்டது, ஆனாலும் மாணவர்களுக்கு அது பெரிய வரம். அதில் உள்ளூர், வட்டார ரயில்களில் போகலாம். ஐசிஇ, ஐசி என்ற நெடுந்தூர ரயில்களில் பொதுவாகச் செல்லாது. ரயில் தாமதமாகி, பதற்றத்தில் பக்கத்து நடைமேடையில் நிற்கும் ஐசிஇ-யில் ஏறிவிடுகிறவர்கள் உண்டு. டிக்கெட் இல்லாத பயணத்துக்கு 60 யூரோ தண்டம் என்பதை அந்த நேரத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் உங்கள் பெயரில் இருப்பதால் நண்பரிடம் கொடுக்க முடியாது, அடையாள அட்டையும் கூடவே வேண்டும். டிக்கெட் போனில்தான் இருக்கிறது என்றால் பவர்பேங்க் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

சரியான ரயிலில் ஏறியும் தவறான ஊருக்குப் போக முடியும். மியூனிக்கிலிருந்து டெகர்ன்சே ஏரிக்குப் போகும் ரயில் ஒன்றாகக் கிளம்பி, ஹோல்ட்ஸ்கிர்ஷனிலும் ஷாஃப்ட்லாகிலும் பிரியும். ஒரு பகுதி பைரிஷ்ட்ஸெல்லுக்கும் இன்னொன்று லெங்க்ரீஸுக்கும் போய்விடும். பெட்டியின் கதவருகே எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு உட்காருங்கள்.

ஒரே நாளில் மூன்று இடம் என்று திட்டம் போடுவது இன்னொரு தவறு. நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். மியூனிக்கிலிருந்து கோட்டைக்கு அருகிலுள்ள ஃபூஸன் ஊர் வரை ஏறத்தாழ இரண்டு மணி நேர ரயில், பிறகு பேருந்து, அப்புறம் அரை மணி நேரத்துக்கு மேல் மேட்டில் நடை. உள்ளே வழிகாட்டியோடுதான் விடுவார்கள்; டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைத் தவறவிட்டால் வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அன்று அந்த ஓர் இடமே போதும்.

எல்லை விஷயத்தில் மட்டும் துளியும் அசட்டை வேண்டாம். டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை போகலாம் என்பதால் அது வேறு நாடு என்பதே பலருக்கு மறந்துவிடுகிறது. 2015 முதல் ஜெர்மனி அந்த எல்லையில் சோதனை நடத்துகிறது; திரும்பும்போது ரயிலிலேயே போலீஸார் கேட்பார்கள். பாஸ்போர்ட்டும் வசிப்பிட அனுமதி அட்டையும் அசலாகவே கையில் இருக்க வேண்டும். அட்டை இன்னும் வரவில்லை, தற்காலிகச் சான்றுதான் இருக்கிறது என்றால், அதை வைத்து நாட்டுக்குள் திரும்ப முடியுமா என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யும்வரை எல்லை தாண்டாதீர்கள். அந்தச் சான்றின் சில வகைகளுக்கு மறுநுழைவு அனுமதி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை போகிறீர்களா? சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் இருக்கும் சில கடைகளைத் தவிர. மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் சனிக்கிழமையும் இரவு 8 மணிக்கே கடை சாத்திவிடுவார்கள். அதற்குள் ரொட்டி, பழம், தண்ணீர் வாங்கிப் பையில் வைத்துவிடுங்கள்.