டெபியனும் உபுண்டுவும் ஒரே கணினியில்: எந்த பூட் பார்ட்டிஷனைப் பகிரலாம்?

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஏற்கெனவே இருக்கிறது, பக்கத்தில் இன்னொரு லினக்ஸான உபுண்டுவையும் போடப் போகிறீர்கள். யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்த ஃபர்ம்வேர்) கணினி என்றால், பூட்லோடர்கள் (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல்கள்) இருக்கும் டிஸ்க் பகுதியான இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தாராளமாகப் பகிரலாம். கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) இருக்கும் /பூட் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் தனித்தனி ஃபோல்டர் உண்டு, மோதல் இல்லை. /பூட் அப்படியல்ல. இரண்டின் கெர்னல்களும் ஒரே இடத்தில் குவியும், எதை பூட் செய்வது என்று கேட்கும் கிரப் பூட்லோடரின் மெனு கோப்பும் ஒன்றுதான். கடைசியாக எழுதியவர் வைத்ததே சட்டம். உபுண்டுவில் அந்த மெனுவைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப் கட்டளை ஓடினால், அங்கே கிடக்கும் டெபியன் கெர்னலையும் தன்னுடையது என்று நினைத்து மெனுவில் சேர்த்துவிடும். அதற்குரிய மாட்யூல்களோ (டிரைவர் போன்ற கெர்னல் துணைக்கோப்புகள்) டெபியன் பக்கம் இருக்கும். வைஃபையிலிருந்து ஒவ்வொன்றாகக் காலை வாரும்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள்.

2. லைவ் யூஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) ஏறி, ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவி மூலம் டெபியன் பார்ட்டிஷனைச் சுருக்குங்கள். உபுண்டுவுக்கு 25 ஜிபிக்குக் குறையாமல் காலி இடம் விடுங்கள்.

3. இன்ஸ்டாலரில், நீங்களே பார்ட்டிஷன் பிரிக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். காலி இடத்தில் இஎக்ஸ்டி4 (லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டம்) பார்ட்டிஷன் ஒன்று உருவாக்கி, ரூட்டாக (/, உபுண்டு உட்காரும் இடம்) வையுங்கள். /பூட் அதற்குள்ளேயே அமைந்துவிடும்.

4. பழைய ஃபேட்32 இஎஃப்ஐ பார்ட்டிஷனை /பூட்/இஎஃப்ஐ-யில் மவுன்ட் செய்யுங்கள் (இணையுங்கள்). ஃபார்மட் டிக் அங்கே இருக்கவே கூடாது. இருந்தால் டெபியனின் பூட்லோடர் அழியும். பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யூயூஐடியும் மாறும். பூட்லோடரைச் சரிசெய்த பிறகும் டெபியன் தன் எஃப்எஸ்டேப்பில் (எதை எங்கே மவுன்ட் செய்வது என்ற பட்டியல்) உள்ள பழைய எண்ணைத் தேடி, 90 நொடி காத்திருந்து, எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். இன்ஸ்டால் பொத்தானை அழுத்துமுன் இந்த வரியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள்.

5. புது மெனுவில் டெபியன் தெரியவில்லையா? கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாக அணைந்திருக்கும். உபுண்டுவின் /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் அதை முடக்கும் அமைப்புக்கு 'ஃபால்ஸ்' என்று கொடுத்து, அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். ஆனால் டெபியனில் புது கெர்னல் வரும்போதெல்லாம் உபுண்டுவில் வந்து இதை மறுபடி ஓட்ட வேண்டும். அந்தத் தொல்லைக்கு, கணினி ஆன் ஆகும்போது ஃபர்ம்வேரின் பூட் மெனுவிலேயே டெபியனைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவோ மேல்.

உபுண்டுவுக்குப் பக்கத்தில் லினக்ஸ் மின்ட் போடுபவர்கள் கவனிக்க: உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மின்ட்டும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் 'உபுண்டு' என்ற அதே ஃபோல்டரைத்தான் பயன்படுத்தும். அங்கே மட்டும் இரண்டாவதாக வந்தவர் முதலாமவரை மேலெழுதிவிடுவார்.