குறைந்த செலவில் ஒரு போலீஸ் இணையத் தொடர்: முதல் அத்தியாயத்தை எடுப்பது எப்படி?

போலீஸ் தொடர் என்றதும் துப்பாக்கிச் சண்டையும் கார் துரத்தலும்தான் பலருக்கு முதலில் தோன்றும். கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் அவை இரண்டையும் ஒதுக்கிவிட்டு, ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், நன்றாக நடிக்கத் தெரிந்த இருவர் என்று விசாரணை அறையிலிருந்து தொடங்குவதே சரி. இந்த வகைக் கதையின் உயிர் அந்த அறையில்தான் இருக்கிறது.

படி 1: எழுத்து

வழக்கமான வடிவத்தில் எழுதப்பட்ட திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓடும் என்பதால், 10 நிமிட அத்தியாயத்துக்கு 10 பக்கங்கள் போதும். உங்களுக்கு எளிதில் கிடைக்கும் இரண்டு மூன்று இடங்களுக்குள் கதையை அடக்குங்கள். குற்றம் நடப்பதைக் காட்ட வேண்டியதில்லை. நடந்து முடிந்த பின் அதிகாரி வந்து பார்ப்பதைக் காட்டினாலே போதும். விசாரணைக் காட்சியை எழுதும் முன், சந்தேக நபர் எதை மறைக்கிறார், அதிகாரிக்கு ஏற்கெனவே எது தெரியும் என்ற இரண்டையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் இருவரில் ஒருவரின் கை ஓங்க வேண்டும். அப்படி எதுவும் மாறாத கேள்வியைத் தயங்காமல் நீக்கிவிடலாம்.

படி 2: உடையும் ஆயுதமும்

சீருடை இல்லாத துப்பறிவாளர்களை வைத்துக்கொண்டால் செலவும் சிக்கலும் குறையும். சீருடை வேண்டுமென்றால் கற்பனையான துறையின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்துங்கள். பொது இடத்தில் படமெடுப்பதாக இருந்தால் உண்மையான காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே தெரிவித்து அனுமதி பெறுங்கள். குண்டு இல்லாததாக இருந்தாலும் உண்மையான துப்பாக்கி படப்பிடிப்புக்குள் வரவே கூடாது. இதில் எந்தச் சமரசமும் வேண்டாம்.

படி 3: படப்பிடிப்பு

முதலில் இருவரும் தெரியும் அகன்ற ஷாட்டில் காட்சி முழுவதையும் எடுங்கள். பிறகு அதிகாரியின் தோளுக்கு மேலிருந்து சந்தேக நபரை எடுத்து, அந்தப் பக்கத்து ஷாட்டுகள் அனைத்தையும் முடித்த பின்னரே விளக்குகளை மறுபக்கம் திருப்புங்கள். இருவரையும் இணைக்கும் ஒரு கோடு இருப்பதாகக் கொண்டு, கேமரா அதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால்தான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதாகத் தெரியும். அதிகாரி ஒரு புகைப்படத்தை மேசையில் தள்ளுகிறார் என்றால், ஒவ்வொரு டேக்கிலும் (அதே ஷாட்டை மீண்டும் எடுக்கும் ஒவ்வொரு முறையும்) அதே சொல்லின்போது, அதே கையால் தள்ள வேண்டும். இல்லையெனில் எடிட்டிங்கில் இரண்டு ஷாட்டுகள் ஒட்டாது.

படி 4: ஒலி

செலவழிக்க ஏதாவது மிஞ்சினால், கேமராவை விட மைக்குக்கே கொடுங்கள். சற்று மங்கலான படத்தைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். கேட்காத வசனத்தைப் பொறுத்துக்கொள்ள மாட்டார். காலி அறை எதிரொலிக்கும் என்பதால், கேமராவுக்குத் தெரியாத சுவர்களில் கனமான போர்வைகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்திவிடுங்கள். சட்டையில் பொருத்தும் மைக்கில் 48 கிலோஹெர்ட்ஸில் (வீடியோவுக்கு வழக்கமான ஒலிப்பதிவு அமைப்பு) பதிவுசெய்து, பதிவுக் கருவியின் ஒலி அளவுகாட்டியில் உரத்த வசனம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்குமாறு அளவை வையுங்கள். காட்சி முடிந்ததும் எல்லோரும் அசையாமல் இருக்க, அறையின் வெறும் ஒலியை 30 விநாடிகள் பதிவுசெய்யுங்கள். வசனங்களுக்கு இடையே வெட்டும் இடங்களை மறைக்க அது கைகொடுக்கும்.

படி 5: எடிட்டிங்

அன்றைய பதிவுகளை இரண்டு இடங்களில் நகலெடுத்த பின்னரே மெமரி கார்டை அழியுங்கள். வெட்டும்போது பேசுபவரையே காட்டிக்கொண்டிருக்காமல், கேட்பவரின் முகத்துக்கும் போங்கள். பொய் வெளிப்படுவது பெரும்பாலும் அங்கேதான். பயன்படுத்த உரிமம் உள்ள இசையை மட்டும் சேருங்கள். கடைசியில் கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் ஒருமுறை முழுதாகக் கேட்டு, வசனம் அமுங்கும் இடங்களில் இசையைக் குறைத்துவிட்டுப் பதிவேற்றுங்கள்.