ஸ்லோவில் நடுங்கும் பழைய பிக்கப், அணையாத செக் லைட்: நாம் செய்யும் தவறுகள்

விடியற்காலை நாலு மணி. லோடு ஏற்றியாகிவிட்டது. வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது, நிற்க மாட்டேன் என்கிறது. கியர் லீவர் கையில் ஆடுகிறது, பக்கக் கண்ணாடி அதிர்கிறது, மீட்டர் போர்டில் மஞ்சளாக இன்ஜின் படம். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் எல்லாம் சரியான மாதிரி இருக்கும். காலை எடுத்தால் மறுபடி அதே நடுக்கம். பத்து வருடம் தாண்டிய காமன் ரெயில் டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. (பம்ப் தரும் உயர் அழுத்த டீசலை ரெயில் என்ற ஒரே குழாயில் தேக்கி, சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசில்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் காமன் ரெயில்.) என் வண்டிக்கு இது வந்தபோது, பானட்டைத் திறந்த பத்தாவது நிமிடத்திலேயே "நாலு நாசிலும் போச்சு" என்று தீர்ப்பு வந்துவிட்டது. உண்மையில் போயிருந்தது விரல் நீள ரப்பர் ஹோஸ் ஒன்று. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எரிவது எந்த விளக்கு என்று பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், "லைட் எரியுது" என்று மட்டும் போனில் சொல்பவர்கள்தான் அதிகம். மஞ்சள் இன்ஜின் படம், அதாவது செக் லைட், எரிந்தால் வண்டியை மெதுவாகப் பட்டறை வரை ஓட்டிப் போகலாம். சிவப்பாக எண்ணெய்க் குடுவை படம் எரிந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது, அங்கேயே அணைத்துவிட வேண்டும். சுருள் கம்பி போன்ற படம், ஸ்டார்ட் செய்வதற்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குக்கு உரியது. சாவி போட்டதும் சில நொடி எரிந்து அணைவதுதான் அதன் வேலை. டீசலில் தண்ணீர் சேர்ந்தால் எரிய சில வண்டிகளில் தனி விளக்கு உண்டு. அது எரிந்தால் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

அடுத்தது, பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவது. "கழட்டிப் போட்டா லைட் போயிடும்ணே" என்பார்கள். பல வண்டிகளில் போகவும் செய்யும். கூடவே, கோளாறு பதிவான நேரத்தில் ஆர்பிஎம் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு, ரெயில் அழுத்தம் எவ்வளவு என்று இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) குறித்துவைத்த விவரமும் அழிந்துவிடும். திருட்டு நடந்த வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டுப் போலீஸைக் கூப்பிடுவது மாதிரி. இசியுவில் பதிவானதைப் படிக்கும் ஸ்கேனர் போடும் வரை பேட்டரியில் கை வைக்காதீர்கள். அது காட்டும் கோளாறு எண்களை, அதாவது கோடுகளை, போனில் படம் பிடித்த பிறகு அழித்துக்கொள்ளலாம்.

ஸ்கேனர் போட்ட பிறகு செய்யும் தவறுதான் பாக்கெட்டைக் காலி செய்வது. ஸ்கேனர் காட்டும் கோடு ஒரு புகார்தான். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று அது சொல்வதில்லை. பி0087 என்று வந்தால், ரெயிலில் இருக்க வேண்டிய அளவுக்கு அழுத்தம் இல்லை என்பது மட்டும்தான் பொருள். அழுத்தம் ஏன் இல்லை? ஃபில்டர் அடைத்திருக்கலாம், லைனில் காற்று இழுக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், நாசில்கள் டீசலை ரிட்டர்னில் (மிச்ச டீசல் திரும்பிப் போகும் குழாயில்) அதிகமாக ஒழுகவிடலாம், சென்சாரே பொய் சொல்லலாம். ஆனால் பட்டறையில் "ரெயில் சென்சார் போச்சு" என்று புதிதாக ஒன்றை மாட்டிவிடுவார்கள். ரெண்டு நாளில் லைட் திரும்ப வரும். அப்புறம் பம்ப், அதற்கப்புறம் நாசில். இப்படியே ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போனால் வண்டியின் விலையில் பாதி செலவாகிவிடும்.

என் வண்டிக்கும் இந்த பி0087தான் வந்தது. நாசில்களைக் கழற்றிப் பம்ப் கடைக்கு அனுப்பலாம் என்றார்கள். ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தியது. இரவு முழுக்க நின்ற பிறகு காலையில் முதல் ஸ்டார்ட் மட்டும் இழுவையாக இருக்கும். ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் கைப் பம்பை அப்போது அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்கும். பத்து அழுத்து அழுத்தினால் இறுகிவிடும், வண்டியும் உடனே பிடிக்கும். அதாவது ராத்திரியில் லைனில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிட்டு, அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஹோஸை எடுத்துவிட்டு, ஒரு அடிக்கு உள்ளே ஓடுவது தெரியும் டியூப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்த்தோம். சோடா பாட்டில் மாதிரி குமிழ் குமிழாக ஓடியது. டேங்கிலிருந்து வரும் குழாயில் ஃபில்டருக்கு முன்னால் இருந்த ஒரு ஹோஸ், கிளிப் இறுக்கும் இடத்தில் வெடிப்பு விட்டிருந்தது. இழுக்கும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகவில்லை. யாருக்கும் சந்தேகம் வராததற்கு அதுதான் காரணம். ஒழுகினால்தான் லீக் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இப்போது ஆபத்தான தவறு. ஒவ்வொரு நாசிலுக்கும் பம்பிலிருந்தே தனிப் பைப் போகும் பழைய இன்லைன் பம்ப் வண்டிகளில் எந்த சிலிண்டர் மிஸ்ஸிங் என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் ஸ்பேனரால் தளர்த்துவார்கள். தளர்த்தியும் சத்தம் மாறாவிட்டால் அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அருமையான வழி, அந்த வண்டிகளுக்கு. காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. லாரி டயரில் இருப்பது சுமார் 8 பார் அழுத்தம். இந்த ரெயிலில் ஸ்லோவிலேயே 200, 300 பார் இருக்கும், லோடில் ஆயிரத்தைத் தாண்டும். நட்டைத் தளர்த்தினால் டீசல் ஊசி மாதிரி பீறிட்டுத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். குண்டூசி குத்திய புள்ளி மாதிரிதான் தெரியும், முதலில் பெரிய வலியும் இருக்காது. சில மணி நேரத்தில் ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலே போய்விடலாம். இருபது முப்பது வருட அனுபவமுள்ள மேஸ்திரிகள்தான் பழக்க தோஷத்தில் இதைச் செய்கிறார்கள், அதனால் பக்கத்தில் நிற்கும் நீங்கள் "வேண்டாம்ணே" என்று சொல்லத் தயங்காதீர்கள். பல ஸ்கேனர்களில் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கும் வசதி இருக்கிறது. நாசில் கனெக்டரை ஓடும்போது கையால் பிடுங்குவதும் வேண்டாம், அதில் வருவது வெறும் 12 வோல்ட் அல்ல.

நாசில் மேல் சந்தேகம் இருந்தால் கழற்றுவதற்கு முன் ரிட்டர்ன் டெஸ்ட் கேளுங்கள். நாலு நாசிலின் ரிட்டர்ன் குழாய்களையும் தனித்தனியாக நாலு பாட்டிலில் விட்டு, சில நிமிடம் ஸ்லோவில் ஓட்டினால் போதும். மூன்று பாட்டிலில் ஒரு விரல் அளவும் நாலாவதில் அரை பாட்டிலும் நிறைந்தால், தேய்ந்தது எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஒன்றுதான் கெட்டது என்றால் நாலையும் மாற்ற வேண்டியதில்லை.

இதைவிடச் சல்லிசான காரணங்களும் உண்டு. இன்ஜின் சத்தம் ஒரே சீராக இருந்து கேபின் மட்டும் உதறினால், இன்ஜினைத் தாங்கும் மவுன்ட் ரப்பரைப் பாருங்கள். ஆயிலும் டீசலும் பட்டு ரப்பர் ஊறிப் பிய்ந்திருக்கும். சம்பந்தமே இல்லாத நாலைந்து கோடுகள் ஒரே நேரத்தில் வந்தால் சென்சார்களைச் சந்தேகிப்பதற்கு முன் பேட்டரியையும், இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே போகும் எர்த் பட்டையையும் பாருங்கள். ஓடும்போது பேட்டரியில் சுமார் 14 வோல்ட் காட்ட வேண்டும்.

புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வில் கரி பிடித்து மூடாமல் நின்றாலும் ஸ்லோ கெடும், புகையும் வரும். கழற்றிச் சுத்தம் செய்வது ஒரு மணி நேர வேலை. ஆனால் தகடு வைத்து அடைத்துவிடுவதுதான் நம் ஊர்ப் பட்டறைகளின் வழக்கம். அடைத்தால் நடுக்கம் நிற்கலாம், பல வண்டிகளில் செக் லைட் நிரந்தரமாகிவிடும். நைட்ரஜன் ஆக்சைடு புகையும் கூடும். டீசல் வண்டிக்குப் பொல்யூஷன் சர்டிஃபிகேட் எடுக்கும்போது புகையின் கருமையை மட்டும்தான் அளக்கிறார்கள், அதனால் அங்கே இது மாட்டாது. மாட்டாது என்பதற்காகச் செய்யலாம் என்று நான் சொல்லமாட்டேன்.

நாசிலைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அடியில் இருக்கும் செம்பு வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையதையே போட்டால் சிலிண்டரில் எரிந்த வாயு கசிந்து "சுஃப் சுஃப்" என்று சத்தம் வரும், நாசிலைச் சுற்றித் தார் மாதிரி கரி கட்டும். புது நாசில் போட்டால் அதன் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டைப் பெரும்பாலான வண்டிகளில் ஸ்கேனர் வழியாக இசியுவில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் அனுப்பினால், புது நாசில் போட்ட வண்டியும் பழையபடியே நடுங்கலாம்.

வேலை முடிந்து நடுக்கம் நின்ற பிறகும் லைட் எரிந்தால் பதறாதீர்கள். ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழிக்காவிட்டால், கோளாறில்லாமல் மூன்று முறை ஸ்டார்ட் செய்து ஓட்டிய பிறகுதான் பல வண்டிகளில் அது தானாக அணையும். பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், செக் லைட் ஒருமுறை எரிய வேண்டும். எரியவே இல்லையென்றால், பல்ப் போயிருக்கலாம், அல்லது விற்பவரே அதைக் கழற்றியிருக்கலாம்.