குறைந்த பட்ஜெட்டில் முதல் ஏழு கம்பி எலக்ட்ரிக் கிட்டார்: எதைப் பார்த்து வாங்குவது?

ஏழு கம்பி கிட்டாரில் கூடுதலாக இருப்பது ஒரே ஒரு கம்பி. விலை குறைந்த கிட்டார்கள் சறுக்குவதும் பெரும்பாலும் அந்தக் கம்பியில்தான். சாதாரண ட்யூனிங்கில் ஆறாவது கம்பியான தடித்த இ 82.4 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். ஏழாவது கம்பியான தடித்த பி 61.7 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். நட் (கழுத்து முனையில் கம்பிகள் அமரும் பள்ளப் பட்டை), பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்), நெக் (கழுத்து) நீளம், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் பாகம்) என எல்லாமே அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ஆகவே கடையில் கிட்டாரை எடுத்ததும் முதலில் அந்தக் கம்பியை மீட்டிப் பாருங்கள்.

பணத்தைப் பங்கிட ஒரு விதி போதும். பின்னால் எளிதில் மாற்ற முடியாதவற்றுக்குப் பணம் கொடுங்கள்: நெக், ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு), ஸ்கேல் நீளம் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம்), பிரிட்ஜ். பிக்கப்பையும் ட்யூனரையும் (கம்பியை முறுக்கும் திருகு) எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பளபளக்கும் மேற்பலகைக்குக் கொடுக்கும் காசு ஒலியில் திரும்பி வராது.

படி 1: ஏழாவது கம்பி தேவையா என்று முதலில் சோதியுங்கள்

ஏற்கெனவே ஆறு கம்பி கிட்டார் இருந்தால், ஏழு கம்பி செட் ஒன்றை மட்டும் வாங்குங்கள். அதிலுள்ள மெல்லிய இ கம்பியை எடுத்து வைத்துவிட்டு, மற்ற ஆறையும் மாட்டி பி, இ, ஏ, டி, ஜி, பி என்று ட்யூன் செய்யுங்கள். கம்பிகள் நட் பள்ளத்தில் முழுதாக இறங்காமல் சற்று மேலே உட்காரும். சோதனைதானே, பள்ளத்தை ராவ வேண்டாம். சில வாரங்கள் வாசித்த பிறகு மெல்லிய இ இல்லாமல் கை தவித்தால் உங்களுக்கு ஏழு கம்பி தேவை. தவிக்கவில்லை என்றால் இந்த ஏற்பாடே போதும், பணம் மிச்சம். மிதக்கும் ட்ரெமோலோ (நெம்பினால் அசையும் பிரிட்ஜ்) உள்ள கிட்டாரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். கம்பிகளின் இழுவை மாறியதும் பிரிட்ஜ் சாய்ந்துவிடும்.

படி 2: மொத்தத்தையும் கிட்டாருக்கே செலவழிக்காதீர்கள்

கையில் உள்ள தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே வையுங்கள். சரியான தடிமனில் இரண்டு செட் கம்பி, ஒரு முழு செட்டப் (வாசிக்க ஏற்றபடி கிட்டாரைச் சரிசெய்யும் வேலை), நல்ல கேபிள் ஆகியவற்றுக்கு அது. செட்டப் செய்த மலிவான கிட்டார், செட்டப் செய்யாத நடுத்தர விலைக் கிட்டாரைவிட நன்றாக வாசிக்கும்.

படி 3: ஸ்கேல் நீளம்

மற்ற எதிலும் அவசரப்பட்டாலும் இதில் அவசரம் வேண்டாம்.

சந்தையில் மூன்று நீளங்கள் பரவலாகக் கிடைக்கின்றன: 25.5, 26.5, 27 அங்குலம். விளம்பரத்தை நம்பாமல் நீங்களே அளக்கலாம். நட்டின் விளிம்பிலிருந்து 12ஆம் ஃப்ரெட்டின் நடு உச்சி வரை 324 மி.மீ. இருந்தால் அது 25.5 அங்குலம். 336 அல்லது 337 வந்தால் 26.5. 343 வந்தால் 27.

ஆறு கம்பி கிட்டாரில், 25.5 அங்குல நீளத்தில், 46 தடிமனுள்ள (அங்குலத்தில் ஆயிரத்தில் 46 பங்கு) இ கம்பி ஏறத்தாழ 7.9 கிலோ இழுவையில் நிற்கும். கைக்குப் பழகிய விறைப்பு அதுதான். அதே நீளத்தில் 56 தடிமனுள்ள பி கம்பியைப் போட்டால் இழுவை 6.7 கிலோவுக்கு இறங்கிவிடும். கம்பி தொளதொளக்கும். பலமாக அடித்த கணத்தில் சுருதி மேலேறிப் பிறகு தன் இடத்துக்கு வரும். இடது கை சற்று அழுத்தினாலே கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின்) சுருதி பிசகும். புதிதாக வாங்கியவர்கள் பிக்கப் சரியில்லை என்று நினைப்பது பல நேரங்களில் இந்தத் தொளதொளப்பைத்தான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. 25.5இலேயே 62 தடிமன் போட்டால் இழுவை 8.2 கிலோவுக்கு வரும், ஆனால் தடித்த கம்பியின் ஒலி சற்று மந்தமாகும். 26.5 நீளத்தில் 59 போட்டால் 8.1 கிலோ கிடைக்கும், ஒலியும் தெளிவாக இருக்கும். நீளத்துக்கும் ஒரு விலை உண்டு. நட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட் வரை 25.5இல் 134 மி.மீ. என்றால், 27இல் அது கிட்டத்தட்ட 8 மி.மீ. கூடும். சின்னக் கைகளுக்கு முதல் ஃப்ரெட்டுகளில் விரல் விரிப்பது சிரமம். மெல்லிய கம்பிகளும் விறைப்பாகி, பெண்ட் செய்ய (கம்பியை வளைத்துச் சுருதியை ஏற்ற) கூடுதல் பலம் கேட்கும்.

சாதாரண பி ட்யூனிங்கில் தாளமும் லீடும் (தனி மெட்டு) கலந்து வாசிப்பவர்களுக்கு 26.5 என்பதே எங்கள் பரிந்துரை. லீடுதான் பிரதானம், கைகளும் சிறியவை என்றால் 25.5 எடுத்து 62 கம்பி போடுங்கள். கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாய்க்காக 1990இல் வந்த இபனெஸ் யூனிவர்ஸ் என்ற ஏழு கம்பி கிட்டாரும் 25.5 அங்குலம்தான். ஏழாவது கம்பியை ஏ வரைக்கும் அதற்குக் கீழும் இறக்குபவர்களுக்கு 27. ஃப்ரெட்டுகள் விசிறிபோல் விரியும் மல்டிஸ்கேல் வகை நல்ல யோசனைதான். ஆனால் மலிவான மாடல்களில் அதன் பிரிட்ஜ் பழுதானால் பொருந்தும் மாற்றுப் பாகம் தேடுவது கடினம். முதல் கிட்டாருக்கு வேண்டாம்.

தேடலைத் தொடங்க இரண்டு பெயர்கள்: 25.5இல் இபனெஸ் ஜிஆர்ஜி7221, 26.5இல் ஷெக்டர் ஓமன்-7. இரண்டிலும் பிரிட்ஜ் அசையாதது.

படி 4: பிரிட்ஜ்

அசையாத பிரிட்ஜையே எடுங்கள். பூட்டும் வகை ட்ரெமோலோ மலிவாகக் கிடைத்தால், அது சாய்ந்து நிமிரத் தாங்கும் கத்தி போன்ற முனை பெரும்பாலும் மென்மையான உலோகத்தில் இருக்கும். அது தேய்ந்த பிறகு கம்பிகள் பழைய சுருதிக்குத் திரும்பா. ஒரு கம்பியை இறக்கினால் மற்ற ஆறும் நகரும் என்பதால், பி கம்பியை ஏ சுருதிக்கு மாற்றுவதே பெரிய வேலையாகிவிடும்.

அடுத்து இன்டொனேஷன், அதாவது எந்த ஃப்ரெட்டை அழுத்தினாலும் சுருதி சரியாக வருவது. சுருதி காட்டும் ட்யூனர் கருவியை இணைத்து ஏழாவது கம்பியின் 12ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கை (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அடியுங்கள். பிறகு அதே ஃப்ரெட்டை மென்மையாக அழுத்தி அடியுங்கள். அழுத்திய சுரம் மேலே காட்டினால் சாடிலை (பிரிட்ஜில் அந்தக் கம்பி அமரும் துண்டு) பின்னுக்கு நகர்த்த வேண்டும். தடித்த கம்பிக்கு இந்த நகர்வு அதிகம் தேவைப்படும். சாடில் ஏற்கெனவே கடைசி வரை போயிருந்தும் சுரம் மேலேயே இருந்தால், அதன் பின்னுள்ள ஸ்பிரிங்கைக் கழற்றினால் ஓரிரு மி.மீ. கிடைக்கும். அதுவும் போதாது என்றால் அந்தக் கிட்டாரை விட்டுவிடுங்கள்.

படி 5: நெக்கும் ஃப்ரெட்டும்

ஆறு கம்பி கிட்டாரின் நட் அகலம் 42, 43 மி.மீ. இருக்கும். ஏழு கம்பியில் 48ஐ ஒட்டி வரும். ஸ்ட்ராப் மாட்டி, நின்றபடி சில நிமிடங்கள் வாசித்துப் பாருங்கள். மணிக்கட்டு வலித்தால் இன்னும் மெலிந்த நெக்கைத் தேடுங்கள்.

ஏழாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். எட்டாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு உரசியபடி நுழையும் அளவு. அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் உலோகத் தண்டு) திருப்பிச் சரி செய்யலாம். அந்த ராட் உண்மையிலேயே திரும்புகிறதா என்று விற்பவரைக் கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பழைய கிட்டார் என்றால் இது கட்டாயம். ராட் இறுகிப் போயிருந்தாலோ நெக் முறுக்கிக்கொண்டிருந்தாலோ பேரம் பேசவே வேண்டாம்.

பிறகு ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அடியுங்கள். எல்லா இடத்திலும் இரைந்தால் அது ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம்) அல்லது நெக் வளைவு, சரியாகிவிடும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரைந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கி நிற்கிறது என்று பொருள், அந்த வேலைக்குச் செலவாகும். முதல் கம்பியை 12 முதல் 15 வரையுள்ள ஃப்ரெட்டுகளில் ஒரு முழு சுரம் பெண்ட் செய்யும்போது ஒலி சட்டென்று செத்தாலும் அதே கோளாறுதான். ஃப்ரெட் ஓரங்கள் கையைக் கீறுவது சிறிய குறை, ராவினால் போய்விடும்.

படி 6: பிக்கப்பைக் கடைசியாகப் பாருங்கள்

பி கம்பி மட்டும் குழைந்து ஒலித்தால் உடனே பிக்கப்பை மாற்றக் கிளம்பாதீர்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி, தடித்த பக்கம் 3 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. இடைவெளி கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே வரும்படி பிக்கப்பின் உயரத்தைத் திருகுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். ஆக்டிவ் பிக்கப் என்றால் 9 வோல்ட் பேட்டரி வேண்டும். கேபிளைச் செருகியே வைத்தால் அது தீர்ந்துகொண்டே இருக்கும்.

படி 7: வாங்கி வந்ததும்

மாட்டி வந்த கம்பிகளைக் கழற்றிவிட்டு, 26.5 என்றால் 10–59 (மெல்லியது 10, தடித்தது 59), 25.5 என்றால் 10–62 செட் போடுங்கள். ட்யூனரில் கோத்த தடித்த கம்பியை முதலில் கூர்மையாக மடக்கி, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் வெளிச்சுற்று பிரிந்து, புதுக் கம்பியும் உயிரில்லாமல் ஒலிக்கும். ட்யூன் செய்யும்போது நட்டில் ‘டிங்’ என்று சத்தம் வந்தால் கம்பி பள்ளத்தில் சிக்குகிறது. பள்ளத்தைப் பக்கவாட்டில் மட்டும் சற்று அகலமாக்க வேண்டும், ஆழமாக்கினால் திறந்த கம்பி இரையும்.

பிறகு இந்த வரிசையில் செல்லுங்கள்: ட்யூனிங், நெக் வளைவு, ஆக்‌ஷன், இன்டொனேஷன், பிக்கப் உயரம். வரிசை மாறினால் முந்தைய அளவு கெட்டு, மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். 12ஆம் ஃப்ரெட்டில் முதல் கம்பி 1.6 மி.மீ., ஏழாவது 2.0 முதல் 2.2 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும்.

ஆம்பில் (ஒலிபெருக்கியில்) பேஸையும் (தாழ்ந்த ஒலி) கெயினையும் (உள்ளே வரும் சைகையின் வலு) ஆறு கம்பிக்கு வைப்பதைவிடக் குறையுங்கள். சிறிய ஸ்பீக்கரால் 61.7 ஹெர்ட்ஸைச் சரியாகத் தர முடியாது. பேஸைக் கூட்டினால் குழப்பம்தான் கூடும். மிட் (நடுத்தர ஒலி) அளவைச் சற்று ஏற்றினால் பி கம்பியின் சுரம் தெளிவாகக் காதில் விழும்.