மூன்று மணி தாண்டிவிட்டால் இரக்கம் தீர்ந்துவிடுமா?

பினாங்கின் பாயான் லெப்பாஸில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் ஒரு பெண், சென்ற தவக்காலத்தில் எங்கள் அன்பியக் கூட்டம் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் செபக்கூட்டம்) முடிந்த பிறகு என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்: "அக்கா, ஷிப்ட் இருக்கும் நாட்களில் மூன்று மணிக்கு இறை இரக்கச் செபமாலை சொல்ல முடிவதில்லை. நாலரைக்குத்தான் இடைவேளை. அப்போது சொன்னால் பலிக்குமா?"

அவர் கண் கலங்கியிருந்தது. இரக்கத்தை நம்பச் சொல்லும் ஒரு பக்தி இந்தப் பெண்ணுக்குப் பயத்தைக் கொடுத்திருக்கிறதே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இந்தத் தவறுகளில் சிலவற்றை நானும் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன்.

முதலில் அந்த மூன்று மணி. இந்தப் பக்தி யார் வழியாக நமக்கு வந்ததோ அந்தத் துறவி, புனித ஃபவுஸ்தீனா, 1905-இல் போலந்தில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மடத்தில் சமையல், தோட்டவேலை, வாயிற்காவல் என்று உழைத்து, 1938-இல் 33 வயதில் காசநோயால் இறந்தார். அவருடைய நாட்குறிப்பின்படி, செபமாலை அவருக்குக் கொடுக்கப்பட்டது 1935 செப்டம்பரில். மூன்று மணியை இரக்கத்தின் நேரமாக நினைவுகூரும் அழைப்பு வந்ததோ 1937 அக்டோபரில். இரண்டும் வேறு வேறு. செபமாலையை எந்த நேரத்திலும் சொல்லலாம். அதற்கென்று தனி மணிமாலை வாங்க வேண்டியதும் இல்லை, வீட்டில் இருக்கும் சாதாரணச் செபமாலையே போதும். ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட அந்த நேரத்தில் ஆலயத்துக்குப் போக முடியாதவர்கள், இருக்கும் இடத்திலேயே சிறிது நேரம் அவர் பாடுகளை நினைத்து மன்றாடினால் போதும் என்பதும் அதே நாட்குறிப்பில்தான் இருக்கிறது. இயந்திரத்தின் முன் நின்றபடி "இயேசுவே, உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்" என்று மனத்துக்குள் சொல்வதற்கு எந்த மேற்பார்வையாளரின் அனுமதி வேண்டும்? நாலரை மணிக்கு அமைதியாகச் செபமாலையைச் சொல்லுங்கள் என்றேன். அந்தப் பெண்ணின் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே!

ஃபவுஸ்தீனா கண்ட காட்சியின்படி வரையப்பட்ட இறை இரக்க இயேசுவின் படத்தைப் பற்றியும் வாக்குவாதங்கள் நடக்கின்றன. வில்னியூஸில் 1934-இல் ஓவியர் கசிமிரோவ்ஸ்கி வரைந்ததுதான் உண்மையானது, மற்றவை வேண்டாம் என்று ஒரு சாரார். நம் வீடுகளில் பெரும்பாலும் தொங்குவதோ பின்னாளில் ஓவியர் ஹிவா வரைந்த படத்தின் பிரதி. கசிமிரோவ்ஸ்கியின் படத்தைப் பார்த்து, தான் கண்ட அழகு அதில் இல்லையே என்று ஃபவுஸ்தீனாவே அழுதார். நிறத்திலோ தூரிகையிலோ அதன் மேன்மை இல்லை, அருளில்தான் இருக்கிறது என்பதே அவருக்குக் கிடைத்த பதில். படத்தில் இயேசுவின் நெஞ்சிலிருந்து வரும் வெளிர்க் கதிர் தண்ணீரையும் சிவப்புக் கதிர் இரத்தத்தையும் குறிக்கும். ஈட்டியால் குத்தப்பட்ட விலாவிலிருந்து வழிந்தவை அவை. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுங்கள். இதை ஒன்பது பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு நேரும் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை உடனே அழித்துவிடுங்கள். அவற்றுக்கும் இந்தப் பக்திக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். புனித இரண்டாம் யோவான் பவுல் 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று ஃபவுஸ்தீனாவுக்குப் புனிதர் பட்டம் அளித்து, உயிர்ப்புக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு இனி இறை இரக்க ஞாயிறு என்று அறிவித்தார். அன்று பரிபூரண பலன் (பாவங்களுக்கான தண்டனையை முழுதாக நீக்கும் சலுகை) பெற விரும்புபவர்கள் அன்றைக்கே பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும் என்று எண்ணி வெயிலில் நீண்ட வரிசையில் நிற்கிறார்கள். நேரம் போதாமல் திரும்பிப் போன முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குச் சில நாட்கள் முன்னரோ பின்னரோ செய்தாலும் செல்லும். ஏறத்தாழ 20 நாள் இடைவெளி வரை திருச்சபை ஏற்கிறது. தவக்காலத்தின் கடைசி நாட்களிலேயே, கூட்டமில்லாத ஒரு மாலையில் போய்விடுங்கள்.

வரிசையில் நிற்பவர்களைவிட, வரிசைக்கே வராதவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. "இருபது வருடமாகப் போகவில்லை. இனி எந்த முகத்தோடு போவேன்? கொஞ்சம் திருந்திவிட்டுப் போகிறேன்" என்பார்கள். குளித்துச் சுத்தமான பிறகுதான் ஆற்றில் இறங்குவேன் என்பது போல இது. இயேசு சொன்ன உவமையில் ஊதாரி மைந்தன் பன்றித் தொழுவத்திலிருந்து நேராகத்தான் வந்தான். வழியில் அவன் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்சை முழுதாகச் சொல்லக்கூடத் தந்தை விடவில்லை. வெகு தூரத்தில் வந்தபோதே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். தயங்குபவர் உங்கள் வீட்டில் இருந்தால் அறிவுரை சொல்லாதீர்கள். "வா, நானும் போகிறேன்" என்று கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆண்டவர் இரக்கமுள்ளவர், எப்படியும் மன்னிப்பார் என்று வீட்டுப் பணிப்பெண்ணின் சம்பளத்தைப் பிடித்து வைப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. முதலில் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

செபமாலையில் "எங்கள் மீதும் அகில உலகின் மீதும்" என்று ஐம்பது முறை சொல்கிறோம். "எங்கள்" என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் நம் வீட்டு வாசலோடு அது முடிந்திருக்கும். அகில உலகு என்றால் இந்து அத்தையும் அதில் உண்டு, பக்கத்து வீட்டுச் சீனக் கிழவரும் உண்டு. பெரிய வெள்ளியன்று தொடங்கும் ஒன்பது நாள் செபமான நவநாளில் நான்காம் நாள், கடவுளை இன்னும் அறியாதவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. எட்டாம் நாள் உத்தரிக்கிற ஆன்மாக்களுக்கு, அதாவது இறந்து, விண்ணகம் சேருமுன் தூய்மை பெற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு. அந்த எட்டாம் நாள் வரும்போதெல்லாம் எனக்கு என் சித்தப்பாவின் ஞாபகம் வரும்.

சித்தப்பா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். துக்க வீட்டில், மறை அறிவு உள்ளவர் என்று எல்லாரும் மதித்த ஒருவர், சித்தியின் முகத்துக்கு நேராகவே, "அவருக்குப் பூசை ஒப்புக்கொடுத்துப் பயனில்லை" என்று சொன்னார். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. எங்களுக்கு அன்று தெரிந்திருந்தால் பேசியிருப்போம். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் இப்படி இறந்தவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது உண்மைதான். 1983-இல் வந்த சட்டத்தொகுப்பில் அந்தத் தடை இல்லை. கடும் மனநோயும் வேதனையும் அச்சமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. அவர்களுடைய மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது, தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் கடவுள் அவர்களுக்கு மனந்திரும்பும் வாய்ப்பை அளிக்கக்கூடும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் அது சொல்கிறது. இப்படி ஒரு மரணம் நேர்ந்த வீட்டுக்குப் போகிறவர்கள், தயவுசெய்து, தீர்ப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். தெரியாவிட்டால் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். பூசைக்குப் பெயர் கொடுக்க அந்தக் குடும்பம் தயங்கினால், பங்குத்தந்தையிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

நவம்பர் மாதத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதி, உறையில் இட்டுப் பீடத்தருகே வைப்பது எங்கள் பங்கு வழக்கம். சித்தி பதினோரு ஆண்டுகள் தன் பெற்றோரின் பெயர்களை மட்டுமே எழுதிவந்தார். மறைக்கல்வி நூலின் அந்தப் பகுதியை நான் வாசித்துக் காட்டிய ஆண்டில், காகிதத்தை என்னிடம் நீட்டி, "நீயே எழுது, எனக்குக் கை நடுங்குகிறது" என்றார். சித்தப்பாவின் பெயரை முதல் வரியில் எழுதினேன்.